ஒரு சொட்டில் இருநூறில் ஒரு பங்கு

இன்று கிடைக்கும் இன்சுலின் பம்புகளில் சில, ஒரு தடவைக்கு 0.025 யூனிட் என்ற அளவில்கூட மருந்தைப் பிரித்துச் செலுத்தும். பம்பில் நிரப்பும் இன்சுலினில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உண்டு. அதை 4,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த 0.025 யூனிட். கண் மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டை சுமார் 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், அந்தச் சொட்டில் 200-ல் ஒரு பங்கு. மனிதக் கணையத்துக்கு மாற்றாக ஒரு இயந்திரம் இவ்வளவு சிறிய அளவை ராப்பகலாகத் தவறாமல் தருவது பொறியியலின் பெரிய சாதனை. இருந்தும் பம்ப் மாட்டிய எல்லோருக்கும் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடவில்லை. சிலருக்கு நன்றாக இறங்குகிறது, சிலருக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது, சிலர் ஆறு மாதத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய ஊசிக்கே திரும்புகிறார்கள். கருவி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பம்பின் பலனுக்கு எல்லை கட்டுவது அதைச் சுமக்கும் குடும்பத்தின் கணக்கும் பழக்கமும்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். பம்போடு பழகும் காலத்தைச் சிகிச்சை தொடங்குமுன் கடக்க வேண்டிய சிரமமாகப் பலர் நினைக்கிறார்கள். சான்றுகளைப் பார்த்தால், அந்தப் பழகுதலே சிகிச்சையின் பெரும்பகுதி.

இந்த வாதத்தை ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்துப் பார்ப்பது நல்லது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து ஆவடி சாலை பிரியும் கரையான்சாவடியை எடுத்துக்கொள்வோம். மூன்று வேளையில் இரண்டு வேளையாவது அரிசி உண்ணும் ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள ஊர். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெரிய நீரிழிவு மருத்துவமனைகள் ராயபுரத்திலும் கோபாலபுரத்திலும் இருக்க, இங்கிருந்து போய்வர அரை நாள் ஆகும். பம்ப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி நடந்தது குளிர் நாடுகளில், ரொட்டியும் உருளைக்கிழங்கும் உண்ணும் மக்களிடையே. அந்த ஆய்வுகள் சொல்லும் உண்மை இங்கேயும் உண்மைதான். ஆனால் அதை இங்கே வாழ்க்கையாக்க வேறு சில கணக்குகள் தேவைப்படுகின்றன.

முதலில் நோயைச் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் ‘சுகர்’ என்றால் நாற்பது வயதுக்கு மேல் மாத்திரையில் ஓடும் நோய் என்றே புரிந்துகொள்ளப்படுகிறது. இந்த அத்தியாயம் பேசும் டைப் 1 அது இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு அநேகமாக முற்றிலும் நின்றுபோகும் நிலை இது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருகிறது. மிட்டாய் தின்றதால் வந்தது என்று பிள்ளையைப் பெற்றவளைக் குறை சொல்லும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தப் பேச்சுக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது. வெளியிலிருந்து இன்சுலின் தராவிட்டால் இந்த நோயாளி உயிர் பிழைக்க முடியாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும் வரை, இந்த நோய் கண்ட குழந்தைகள் மாதக்கணக்கிலோ ஓரிரு வருடத்திலோ இறந்துபோனார்கள்.

நலமான உடலில் இன்சுலின் இரண்டு விதமாகச் சுரக்கிறது. சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் இரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருப்பதால், அதற்கு ஈடாகச் சிறு கசிவாக எந்நேரமும் கொஞ்சம் சுரக்கும். சாப்பிட்டதும் ஒரு வீச்சாக நிறையச் சுரக்கும். முதலாவதை பேசல் என்றும் இரண்டாவதை போலஸ் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். ஊசியில் இருப்பவர்கள் இதற்கு இரண்டு வகை இன்சுலின் போடுகிறார்கள்: நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் வேகமாக வேலை செய்யும் இன்னொன்று. பம்ப் இரண்டையும் ஒரே வேக இன்சுலினால் செய்கிறது. பெட்டிக்குள் இருக்கும் மருந்துக் குப்பியை ஒரு சிறு மோட்டார் தள்ள, மெல்லிய குழாய் வழியாக வரும் மருந்து, தோலுக்கு அடியில் ஆறு அல்லது ஒன்பது மில்லிமீட்டர் நுழைந்திருக்கும் கானுலா என்ற மென்குழலில் இறங்குகிறது. வயிற்றிலோ தொடையிலோ இடுப்பின் பின்புறத்திலோ ஒட்டுப் பட்டையால் இந்தக் கானுலா நிற்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் புதிதாகப் போட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு 1993-ல் பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வில், ஒரு பாதிப் பேருக்கு அக்கால வழக்கப்படி நாளுக்கு ஓரிரு ஊசி. மறுபாதிக்குப் பம்ப் அல்லது மூன்றும் அதற்கு மேலும் ஊசி, அடிக்கடி இரத்தப் பரிசோதனை, மருத்துவக் குழுவோடு இடைவிடாத தொடர்பு. சராசரியாக ஆறரை ஆண்டு கண்காணித்தபின், இரண்டாம் பிரிவில் கண் விழித்திரைக் கோளாறு புதிதாகத் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்திருந்தது. நரம்புக் கோளாறு 60 விழுக்காடு குறைந்திருந்தது. கரையான்சாவடிக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனம் ஒன்றின் மண்டல மையமும் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. பார்வை இழந்தபின் வாழ்க்கையை மீட்டெடுக்க ஒரு சமூகம் எவ்வளவு செலவிட வேண்டியிருக்கிறது என்பதை அறிந்த ஊர் அது. 76 என்ற எண்ணின் எடை அங்கே உள்ளவர்களுக்குப் புரியும். அதே ஆய்வு ஒரு விலையையும் சொன்னது. இறுக்கிப் பிடித்த பிரிவில், அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்கு சர்க்கரை தாழ்ந்துபோவது மூன்று மடங்கானது. அதற்குப் பின் வந்த பம்புகளும் சென்சார்களும் புதிய இன்சுலின்களும் எல்லாமே அந்த விலையைக் குறைக்க நடந்த முயற்சிகள் என்று பார்க்கலாம்.

இனி இட்லிக் கணக்குக்கு வருவோம். காலையில் ஒரு பெண் நான்கு இட்லி சாப்பிடப் போகிறாள். வீட்டு இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் மொத்தம் 48 கிராம். அவளுக்கு 12 கிராமுக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் கணித்திருந்தால், சாப்பாட்டுக்கு 4 யூனிட். சாப்பிடும் முன் சர்க்கரை 220, வைத்திருக்கும் இலக்கு 120. ஒரு யூனிட் அவளுக்கு 50 புள்ளி இறக்கும் என்றால் திருத்தத்துக்கு 2 யூனிட். முன்னால் போட்ட மருந்தில் ஒன்றரை யூனிட் இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். ஆக, நாலரை யூனிட். கூட்டல் கழித்தலை பம்பே செய்துவிடும். பம்புக்குத் தெரியாதது ஒன்றுதான்: இட்லி எவ்வளவு பெரியது? அதே பெண் கடையில் சாப்பிடும் இட்லி ஒவ்வொன்றிலும் 17 கிராம் இருந்தால், நான்குக்கு 68 கிராம். தேவை 4 யூனிட்டாக இருக்காது, 5.7 யூனிட். கிட்டத்தட்ட 1.7 யூனிட் வித்தியாசத்தில் சர்க்கரை 80 புள்ளிக்கு மேல் எகிறும். பம்பின் நுட்பம் 0.025 யூனிட், நம் கண்ணளவின் பிழை அதைப்போல் அறுபது மடங்குக்கும் மேல். தேநீர்க் கடைக்காரர் கைப்பிடிச் சர்க்கரையை அள்ளிப் போடும் இடத்தில் பொற்கொல்லரின் தராசை வைத்ததுபோல்தான் இது. தராசு நல்லதாக இருந்தும் பயனில்லை, அதில் வைப்பதை அளக்கத் தெரியாதவரை.

சாதத்தில் இது இன்னும் பெரிதாகிறது. வடித்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு கரண்டி கூடக் குறையப் போவதை நம் வீடுகளில் யாரும் கணக்கில் வைப்பதில்லை; ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ’ என்பதுதான் விருந்தோம்பல். வெண்பொங்கலும் பிரியாணியும் வேறு சிக்கல். நெய்யும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை உடனே ஏறாது, மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஏறும். முழு மருந்தையும் சாப்பிடும்போதே போட்டால் முதல் இரண்டு மணியில் தாழ்ந்து, பின்னிரவில் ஏறிப்போகும். பம்பில் இதற்கு வழி இருக்கிறது: ஒரு பகுதியை உடனேயும் மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பியும் செலுத்தச் சொல்லலாம். ஊசியால் இதைச் செய்வது கடினம். ஆனால் எந்தப் பொங்கலுக்கு எவ்வளவு உடனே, எவ்வளவு பரப்பி என்பதை எந்தக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ள முடியாது. ஒரு மாதம் சமையலறைத் தராசில் நிறுத்து, எழுதி, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் சர்க்கரை பார்த்துத்தான் ஒவ்வொரு வீடும் தன் கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். சாதம் நிறுப்பதைக் கஞ்சத்தனமாகப் பார்க்கும் பாட்டிக்கு அது மருந்து அளப்பது என்று புரியவைப்பதும் இந்தப் படிப்பில் சேர்த்தி.

‘படிப்புதான் முக்கியம் என்றால் பம்ப் எதற்கு? பேனா ஊசியிலேயே இந்தக் கணக்கைப் போடலாமே’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதற்குச் சோதனையும் நடந்திருக்கிறது. 2017-ல் வெளியான ரிப்போஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் மாவுச்சத்துக் கணக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினருக்குப் பம்பும் மறுபகுதியினருக்கு ஊசியும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் இரு பிரிவிலும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி குறைந்திருந்தது. பம்ப் பிரிவில் கூடுதலாகக் குறைந்தது 0.24 புள்ளி மட்டுமே. அது தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்தைத் தாண்டவில்லை. நோய் கண்டறிந்த உடனே குழந்தைகளுக்குப் பம்ப் போட்டுப் பார்த்த ஸ்கிப்பி ஆய்வும் 2019-ல் ஏறக்குறைய இதையே சொன்னது: ஓராண்டு முடிவில் பம்ப் ஊசியைவிட மேலாக இல்லை. பம்ப் விற்பவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. பம்ப் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க யோசிக்கும் தகப்பனுக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். நன்றாகக் கற்றுக்கொண்டு பேனா ஊசி போடும் பிள்ளை, எதுவும் கற்காமல் பம்ப் மாட்டிய பிள்ளையைவிட எந்த விதத்திலும் பின்தங்கியதில்லை.

இதிலிருந்து பம்ப் தேவையற்றது என்ற முடிவுக்குப் போகக் கூடாது. பம்புக்கென்று சில இடங்கள் உண்டு. அம்பத்தூரில் ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறுகிற தொழிலாளிக்கு, காலையில் போட்ட நீண்டநேர இன்சுலினை மாலையில் திரும்ப எடுக்க முடியாது. பம்பில் இரண்டு பேசல் அட்டவணைகளைப் பதிந்து வைத்து மாற்றிக்கொள்ளலாம். விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடுவதால் பலருக்கு மூன்று மணியிலிருந்து சர்க்கரை ஏறத் தொடங்கும். அவர்களுக்கு நள்ளிரவில் மணிக்கு 0.6 யூனிட், நான்கு மணிக்கு மேல் 0.9 யூனிட் என்று பம்பால் ஏற்றித் தர முடியும், ஊசியால் முடியாது. நாளுக்கு மொத்தமே ஆறேழு யூனிட் தேவைப்படும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை யூனிட் பிழையும் ஆபத்து, அங்கே 0.025-ன் அருமை தெரியும். ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளிட்ட நாடுகளின் பதிவேட்டிலிருந்து 20 வயதுக்குட்பட்டவர்களை ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வில், கடுமையான லோ சுகர் ஊசிப் பிரிவில் 100 பேருக்கு ஓராண்டில் 13.97 தடவை என்றால், பம்ப் பிரிவில் 9.55 தடவை. பள்ளிக்கூடத்திலோ ஓடும் பேருந்திலோ பிள்ளை மயங்கி விழுவது இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இது சிறிய வித்தியாசம் இல்லை.

அடுத்த மறுப்பு இன்றைய காலத்துக்கு உரியது. சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துச் சொல்ல, பம்ப் தானே பேசலைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் 2016-லிருந்து வந்துவிட்டன. இயந்திரமே யோசிக்கும்போது மனிதர் எதற்குக் கற்க வேண்டும்? இந்தக் கருவிகளின் பலன் மெய்யானது. 168 பேரை வைத்து 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்த நேரம் 61 விழுக்காட்டிலிருந்து 71-க்கு உயர்ந்தது. வழக்கமான பம்பும் சென்சாரும் வைத்திருந்தவர்களுக்கு 59-லேயே நின்றது. பத்து விழுக்காடு என்பது நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு அருகில் வருகிறது. ஆனால் 71 என்பது 100 இல்லை. மீதியில் பெரும்பங்கு சாப்பாட்டைச் சுற்றித்தான் கழிகிறது. காரணம் எளியது: தோலுக்கடியில் விட்ட இன்சுலின் உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம் வரை ஆகும், இட்லியின் குளுக்கோஸ் அரை மணியில் இரத்தத்துக்கு வந்துவிடும். சென்சார் ஏற்றத்தைப் பார்த்தபின் பம்ப் துரத்தினால் எப்போதும் பின்னால்தான் ஓடும். அதனால் தானியங்கிப் பம்பிலும் சாப்பிடப் போகிறேன், இத்தனை கிராம் என்று பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகச் சொல்ல வேண்டியது மனிதர்தான். பொறுமையிழந்து மருந்துக்கு மேல் மருந்து போடுவது, பந்து விளையாடப் போகுமுன் இலக்கை உயர்த்தி வைக்க மறப்பது, இவையெல்லாம் எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாதவை.

பம்ப் பழுதாகும் நேரத்தில்தான் படிப்பின் அருமை முழுதாகத் தெரியும். நீண்டநேர இன்சுலின் ஊசியில் இருப்பவருக்கு ஒரு வேளை ஊசி தவறினாலும் உடலில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கும். பம்பில் இருப்பது வேக இன்சுலின் மட்டும். கானுலா மடங்கிக்கொண்டாலோ, ஒட்டுப் பட்டை உரிந்து குழல் வெளியே வந்துவிட்டாலோ, மூன்று நான்கு மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இல்லாமல் போய், கொழுப்பு உடைந்து கீட்டோன் அமிலம் சேரத் தொடங்கும். கூட்டமான பேருந்தில் அடுத்தவர் பை மாட்டி இழுத்தால்கூட இது நடக்கலாம். சர்க்கரை 250-ஐத் தாண்டி, திருத்தம் கொடுத்தும் இறங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கானுலா மேல்தான் வர வேண்டும். கீட்டோன் பார்த்து, பேனா ஊசியால் மருந்து போட்டு, பிறகு குழாயும் கானுலாவும் சேர்ந்த செட்டை மாற்ற வேண்டும். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டுக்கே உரிய ஒரு ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகள் இன்னும் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பம்ப் வரும் முன் வீட்டில் மிஞ்சிய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, பம்புக்கு வாங்கிய 100 யூனிட் குப்பியிலிருந்து 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. பம்ப் வீட்டுக்கு வரும் அன்றே பழைய சிரிஞ்சுகளை அப்புறப்படுத்த வேண்டும்.

வெயிலும் மழையும் அடுத்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பம்புக்குள் இருக்கும் மருந்து 37 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மே மாத மதியம் கரையான்சாவடி நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்பவரின் இடுப்பில், சட்டைக்கு வெளியே வெயில் படும்படி தொங்கும் பம்ப் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். துணிக்கு உள்ளே, நேரடி வெயில் படாமல் வைப்பதும், கோடையில் குப்பியில் குறைவாக நிரப்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும் உதவும். வியர்வை ஒட்டுப் பட்டையைத் தளர்த்துவதால், ஒட்டுமுன் தோலை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் தேய்த்த அன்று ஒட்டாமல் இருப்பது நல்லது. எண்ணெய்க் குளியல் உள்ள நாளில் குளித்து முடித்த பிறகு புதுச் செட் போடுவது என்று வாரத்தைத் திட்டமிட்டால் போதும், வழக்கத்தை விட வேண்டியதில்லை. வெப்பம் மருந்தை மட்டும் பாதிப்பதில்லை. தோலில் இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்பட்டு எதிர்பாராமல் லோ ஆகலாம். ஈரமணலில் புதைத்த மண்பானை குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் உதவும் என்றாலும், ஆவியாதலை நம்பியிருப்பதால் ஈரக்காற்று அடிக்கும் சென்னை இரவில் அதன் குளிர்ச்சி குறைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்பட மேற்குப் புறநகரின் பல பகுதிகள் நீரில் நின்றன, மின்சாரம் போனது. அப்படிப்பட்ட நாட்களில் செட் தீர்ந்துபோனால் கூரியர் வராது. ஒரு மாதக் கையிருப்பு, மாற்று பேட்டரி, இரண்டு பேனா ஊசி, இவை பம்பின் உறுப்புகளாகவே எண்ணப்பட வேண்டும்.

உடலோடு எந்நேரமும் ஒரு பொருள் ஒட்டியிருப்பதை மனம் ஏற்பதும் சிறிய விஷயமில்லை. சேலையில் எங்கே செருகுவது, பள்ளிச் சீருடையில் பை உண்டா, தூங்கும்போது புரண்டால் குழாய் சிக்குமா என்பவை முதல் மாதத்தின் கேள்விகள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராத கேள்வி, மற்றவர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பது. கல்யாண வயதுப் பெண் என்றால் வீடே அதை மறைக்கச் சொல்லும். மறைப்பதன் மருத்துவ விளைவு என்னவென்று யாரும் கணக்கிடுவதில்லை: பந்தியில் பம்பை எடுக்கக் கூச்சப்பட்டு போலஸ் தவறுகிறது, பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாததால் லோ ஆகும்போது சர்க்கரை கொடுக்க ஆளில்லை. மறைப்பது குடும்ப மானத்தைக் காக்கிறதோ இல்லையோ, அந்தப் பெண்ணைக் காப்பதில்லை. பள்ளியிலும் இதுதான் கதை. சிபிஎஸ்இ 2017-ல் டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. உத்தரப் பிரதேச அரசு 2023-ல் இந்தப் பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் உணவு உண்ணவும் இடம் கொடுக்கப் பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. உத்தரவு தாளில் இருந்தால் மட்டும் போதாது. பம்ப் அலாரம் அடித்தால் அதைக் கைபேசி என்று பிடுங்கி வைக்காத ஆசிரியர் வேண்டும்.

கடைசி மறுப்பு மிகக் கனமானது. பம்பின் விலை லட்சங்களில். மாதாமாதம் செட், குப்பி, சென்சார் என்று ஆயிரக்கணக்கில் செலவு. இன்சுலினும் ஸ்ட்ரிப்புமே வாங்கத் தடுமாறும் குடும்பங்கள் உள்ள நாட்டில் இது வசதி படைத்தவர்களின் பேச்சு இல்லையா? வரிசை பற்றிய கேள்வி என்றால் மறுப்பை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். முதலில் எல்லோருக்கும் தடையின்றி இன்சுலின், அடுத்து நாளுக்கு நான்கு தடவையாவது பார்க்க ஸ்ட்ரிப், அதற்கடுத்து கற்றுக்கொடுக்க ஆள், பிறகு சென்சார், அதன்பின் தேவைப்படுவோருக்குப் பம்ப். இந்த வரிசையில் மூன்றாவது இடம்தான் நம்மிடம் மிகப் பலவீனமானது, அதுவே மிக மலிவானதும்கூட. ஒரு பம்பின் விலையில் ஒரு செவிலியருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். பம்பே ஏழைக்கு வேண்டாம் என்பதுதான் மறுப்பு என்றால் அதை ஏற்க முடியாது. பக்கத்திலுள்ள கேரளம் ‘மிட்டாயி’ திட்டத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பேனா, சென்சார், தேவைப்பட்டால் பம்ப் ஆகியவற்றை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நாட்டின் முதல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய சென்னைக்கு அது எட்டாத காரியமில்லை.

பூந்தமல்லியில் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி மாத்திரை கொடுக்க ஊழியர்களைத் தெருத்தெருவாக அனுப்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-ல் டைப் 1 நோய்க்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. இட்லியை நிறுத்துக் காட்டி, கானுலாவை மாற்றிக் காட்டி, கீட்டோன் வரிசையை மனப்பாடம் செய்யவைக்க ஒரு செவிலியரை வாரம் ஒருநாள் பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் உட்காரவைக்கப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். பம்ப் வாங்க நினைக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள்: பணம் கட்டும் முன், மூன்று மாதம் கற்றுக்கொடுக்கவும் நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கவும் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.